வேண்டுதல் தேங்காயும் எங்கள் வலைப்பந்துக் குழுவும்

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. யாழ்ப்பாணத்திலிருந்து பினாங்குக்கு வந்த குமாஸ்தாப் பரம்பரை எங்களுடையது. தாத்தா, அப்பா, சித்தப்பா எல்லோருமே நாற்காலியில் உட்கார்ந்து பெயர் வாங்கியவர்கள். நான் மட்டும் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்துவிட்டேன். வரலாற்றுப் பாடத்தைக்கூட நடந்துகொண்டேதான் நடத்துவேன். முன்வரிசைப் பிள்ளைகளுக்கு என்னைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலிக்குமாம். எங்கள் கல்லூரி முதல்வர் இதைக் கொஞ்ச நாள் கவனித்துவிட்டு ஒருநாள் வராந்தாவில் மடக்கினார்.

"நீங்க சும்மாவே நடந்துகிட்டுதானே இருக்கீங்க, அந்த ஸ்போர்ட்ஸையும் பாத்துக்குங்களேன்லா."

அப்படித்தான் நான் விளையாட்டுத் துறை ஆனேன். துறைத் தலைவி என்று சொல்ல வரவில்லை, துறையே நான் ஒருத்திதான்.

கல்லூரி, ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய பங்களாவில் நடக்கிறது. இலக்கியம், வரலாறு, தத்துவம், உளவியல், இசை என்று, 'இதைப் படித்து என்ன ஆகப்போகிறாய்' என்று உறவினர்கள் கேட்கிற பாடங்கள் மட்டும் அங்கே உண்டு. சேர வருகிறவர்களுக்குக் கொடுக்கும் வண்ணப் புத்தகத்தில் விளையாட்டுக்கென்று ஒரு முழுப் பக்கம் இருக்கிறது. அதில் செம்மண் நிறத்தில் ஓடுபாதை, வெள்ளைக் கோடுகள், பின்னால் பெரிய படிக்கட்டு மேடை. அந்த மைதானம் எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எங்களிடம் இருந்தது நாலைந்து சதுரங்கப் பலகை, விருந்தாளி வரும் நாளில் பலகாரம் பரப்ப எடுத்துக்கொண்டு போகப்படும் ஒரு மேசைப்பந்து மேசை, பிறகு பெண்கள் வலைப்பந்துக் குழு. அவ்வளவுதான்.

வலைப்பந்து ஆடுகளம் எது என்றால், கார் நிறுத்துமிடம். மாலையில் விரிவுரையாளர்கள் காரை எடுத்த பிறகுதான் பயிற்சி. தத்துவம் நடத்துபவர் மட்டும் எடுக்கவே மாட்டார். கேட்டால், "அஞ்சு நிமிஷம்லா" என்பார். அவருடைய காரைச் சுற்றிச் சுற்றி ஓடியே எங்கள் பெண்கள் வளைந்து ஓடப் பழகினார்கள். கம்பங்களை ஜெலுத்தோங்கில் ஒரு பட்டறையில் வெல்டிங் செய்து வாங்கியிருந்தோம். ஒன்று லேசாகச் சாய்ந்திருந்தது. அந்தச் சாய்வுக்கே கை பழகிப்போய், வெளியிடங்களில் நேரான கம்பத்தைப் பார்த்தால் பிள்ளைகள் தடுமாறுவார்கள். பல வருடம் நாங்கள் எல்லாரிடமும் தோற்றோம். தோற்றுவிட்டு வேனில் பாடிக்கொண்டு வருவோம். நான் மட்டும் பாடமாட்டேன். எனக்குத் தோற்பது பிடிக்காது. எவ்வளவு பழகினாலும் பிடிக்கவில்லை.

பிறகு ஒரு வருடம் அந்தப் பெண் வந்து சேர்ந்தாள்.

வலைப்பந்தில் ஏழு பேர். மார்பில் கட்டிக்கொள்ளும் துணியில் அவரவர் இடத்தின் எழுத்து இருக்கும். கோல் போட இரண்டே பேருக்குத்தான் உரிமை. மற்ற ஐந்து பேரும் எவ்வளவு கெட்டிக்காரிகளாக இருந்தாலும் பந்தைக் கொண்டுபோய் அந்த இருவர் கையில் கொடுத்துவிட்டு நிற்கவேண்டியதுதான். அந்த இருவரில் முக்கியமானவள் ஷூட்டர். எங்களுக்கு அதுவரை வாய்த்த ஷூட்டர்கள் பந்தை எறிந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறவர்கள். இவள் எறிந்துவிட்டு, விழுகிறதா என்றுகூடப் பார்க்காமல் திரும்பி நடப்பாள். விழுந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். உளவியல் படித்துக்கொண்டிருந்தாள். பேச்சு குறைவு. ஜெலுத்தோங் அடுக்குமாடியில் அவளும் அம்மாவும் மட்டும். அப்பா லாரி ஓட்டுநர். அவள் பள்ளியில் படிக்கும்போதே விபத்தில் போய்விட்டார். அம்மாவுக்குக் கடலுக்கு அந்தப் பக்கம், பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. விடிவதற்கு முன் கம்பெனி வேனில் ஏறி, பாலம் கடந்து, இருட்டிய பிறகு திரும்புவார்.

மகளுடைய மார்புத் துணியைத் துவைத்து இஸ்திரி போட்டு அனுப்புவது அம்மாதான். கோல் ஷூட்டரைக் குறிக்கிற ஜி.எஸ். என்ற அந்த இரண்டு எழுத்தைத் தவிர ஆட்டத்தைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. ஓர் ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. நேரம் கிடைத்ததில்லை.

நாங்கள் ஜெயிக்க ஆரம்பித்தோம். முதல் ஆட்டத்தில் ஏதோ தவறு நடந்துவிட்டது என்றே நினைத்தேன். இரண்டாவதிலும் ஜெயித்த பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. தோற்கிறவரை ஒரு நிம்மதி இருந்தது, இழக்க எதுவும் இருக்காது. இப்போது ஆயர் ஈத்தாமில் என் வீட்டுக் கூடத்தில் கதவுக்கும் ஜன்னலுக்கும் நடையாய் நடந்தேன். ஓரக்கோடு ஓரமாக நான் நடக்கிற நடையைப் பார்த்து ஒரு நடுவர், அடுத்த முறை எனக்கும் எழுத்துத் துணி கட்டிவிடுவதாகச் சொன்னார். அரையிறுதியிலும் ஜெயித்து, கல்லூரிகளுக்கிடையிலான இறுதி ஆட்டத்துக்கு வந்து நின்றோம். தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் ஆட்டம் என்று தேதி குறித்தார்கள்.

அப்போதுதான் ஷூட்டர் வந்து சொன்னாள், "மிஸ், அம்மா வேண்டிக்கிட்டாங்க. நான் ஜெயிச்சா ரதத்துக்கு முன்னால தேங்கா ஒடைக்கிறேன்னு. ஃபைனலுக்கும் வர்றாங்க, ஷிப்டு மாத்திக்கிட்டு."

"நல்லதுதானே" என்றேன். "எத்தனை காய்?"

"அது சாமிக்கும் அம்மாவுக்கும்தான் தெரியும்" என்று சிரித்தாள். அவள் சிரிப்பதே அபூர்வம். அம்மா வருகிறார் என்பதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

எல்லாம் சரியாக நடந்திருக்கும், போட்டியை நடத்துகிற கல்லூரிக்குத் தன் பட்டமளிப்பு ஒத்திகை ஞாபகத்துக்கு வராமல் இருந்திருந்தால். மண்டபம் வேண்டும் என்று எடுத்துக்கொண்டு ஆட்டத்தைத் தைப்பூசத்துக்கு அடுத்த வாரம் தள்ளிவிட்டார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. இன்னும் இரண்டு வாரம் கூடத்தில் நடக்கவேண்டுமே என்ற எரிச்சல்தான். அந்த அம்மாவுக்கு இது வேறு விதமான கஷ்டம் என்று எனக்கு உறைக்கவில்லை.

வேண்டுதல் என்பது, சாமி கொடுத்த பிறகு நாம் கொடுப்பது. ஆனால் ஆட்டம் வருவதற்குள் ரதம் போய்விடும். போனால் அடுத்த ரதத்துக்கு ஒரு வருடம். அந்த ஒரு வருடமும் கடனை வைத்துக்கொண்டு அவரால் இருக்க முடியாது. ஏனென்றால் முன்பு ஒரு முறை அப்படி இருந்திருக்கிறார். எதற்கோ வேண்டிக்கொண்டு, அது நடந்து, 'அடுத்த பூசத்துக்குச் செய்துகொள்ளலாம்' என்று தள்ளிப்போட்ட வருடத்தில்தான் கணவர் லாரியோடு போய்ச் சேர்ந்தார். யார் சொல்லியும் கேட்கவில்லை. தன்னால்தான் என்று இன்றுவரை நம்புகிறார். அதனால் இந்த முறை முடிவு செய்துவிட்டார், ஜெயிப்பதற்கு முன்பே உடைத்துவிடுவது என்று.

சாமிக்கு அட்வான்ஸ் கொடுத்த ஆளை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை.

ரதம் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற வழியில் நானும் போய் நின்றிருந்தேன். நல்ல வெயில். சாலையோரமெல்லாம் தேங்காய் குவியல் குவியலாக, தமிழர் குவித்தது, சீனர் குவித்தது. ரதம் நெருங்கியதும் எல்லோரும் உடைக்கத் தொடங்கினார்கள். தேங்காய்த் தண்ணீரும் ஓடுமாகச் சாலை வழுக்கியது. கூட்டத்துக்கு நடுவே எங்கள் ஷூட்டர். அம்மா ஒவ்வொரு காயாக எடுத்துக் கண்ணில் ஒற்றிக் கொடுக்க, இவள் தலைக்கு மேலே தூக்கித் தரையில் அறைந்தாள். ஒரே வீச்சில் உடைகிறது. அடுத்தது. அதற்கடுத்தது. அம்மாவே உடைத்திருக்கலாம். ஜெயிக்கப்போவது மகள், ஆகவே மகள் கையால்தான் உடைக்கவேண்டும் என்பது அவர் கணக்கு. எனக்கு அந்தக் கைவீச்சைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. பக்கத்தில் நின்றவரிடம், "அது எங்க காலேஜ் பிள்ளை" என்றுகூடச் சொன்னேன். குவியல் குறையவே இல்லை. மகளைப் பெற்ற நாளிலிருந்து அந்த அம்மா கேட்க நினைத்ததெல்லாம் சேர்த்துக் குவித்துவிட்டார் போல.

அடுத்த பயிற்சியில் அவள் கையிலிருந்து பந்து நழுவியது. மறுபடி நழுவியது. நான் கத்தினேன், அது என் பழக்கம். அவள் கையைப் பின்னால் வைத்துக்கொண்டாள். அருகில் போய் இழுத்துப் பார்த்தால், மணிக்கட்டு வீங்கி எலும்பு முட்டே தெரியவில்லை.

அப்படியே என் காரில் கிளினிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் அழுத்திப் பார்த்தார், படம் எடுத்தார். எலும்பு தப்பித்தது, தசைநார்தான் இழுத்துக்கொண்டிருக்கிறது, கட்டுப் போட்டு ஓய்வு கொடுக்கவேண்டும், அந்தக் கையால் எறியவே கூடாது என்றார். எப்படி ஆனது என்று கேட்டார். "தேங்கா ஒடைச்சேன் டாக்டர்" என்றாள். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார்.

திரும்பி வரும்போது போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொண்டோம். எனக்கு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதே தண்டனையாக இருந்தது. அவள் அம்மாவிடம் நானே போனில் சொல்லிவிடுகிறேன், இறுதி ஆட்டத்துக்கு வந்து வீணாக ஏமாற வேண்டாம் என்றேன்.

"வேணாம் மிஸ்!" என்று பதறினாள். அவ்வளவு சத்தமாக அவள் பேசி நான் கேட்டதில்லை. "அம்மாவுக்கு மட்டும் தெரியவே கூடாது."

"ஏன்லா? கை வீங்கினதுல என்ன ரகசியம்?"

"அப்பா செத்தது வேண்டுதல லேட்டா செஞ்சதாலன்னு நெனைக்கிறாங்க. இப்ப என் கை போனது முன்கூட்டியே செஞ்சதாலன்னு தெரிஞ்சா? பிந்தினாலும் குத்தம், முந்தினாலும் குத்தம்னு ஆயிடும். அப்புறம் அவங்களுக்குன்னு புடிச்சிக்க எதுவுமே இல்ல மிஸ்."

வீட்டில் இந்தக் கட்டை எப்படி மறைப்பாய் என்று கேட்டேன். அம்மா திரும்பும்போது முழுக்கைச் சட்டை போட்டுப் போர்வைக்குள் போய்விடுவாளாம், விடிவதற்குள் அவர் கிளம்பிவிடுவாராம். ஆட்டம் வரை சமாளித்துவிட்டால் போதும், பிறகு ஆட்டத்தில் பட்டதென்று சொல்லிக்கொள்ளலாம் என்று திட்டம். "சொல்லமாட்டேன்னு சொல்லுங்க மிஸ்" என்றாள். சொல்லமாட்டேன் என்று சொன்னேன். வாயை அடக்கிப் பழக்கமில்லாத நான் இப்படியொரு வாக்கைக் கொடுத்துவிட்டேனே என்று அன்றைக்கே பயமாக இருந்தது.

பட்ட காலிலே படும் என்பார்கள். எங்கள் குழுவில் எட்டே பேர். ஏழு பேர் ஆட, ஒருத்தி மாற்று. ஷூட்டரை உட்கார வைத்துவிட்டு மாற்றுப் பெண்ணை இறக்கலாம் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, விங் டிஃபென்ஸ் ஆடுகிற பெண்ணுக்கு அம்மை போட்டுவிட்டது. இப்போது கை வீங்கியவளையும் சேர்த்தால்தான் ஏழு.

விங் டிஃபென்ஸ் என்பது எதிரணியின் பந்து கோல் வட்டத்துக்குப் போகும் வழியில் நின்று மறிக்கிற வேலை. கால்தான் முக்கியம். வட்டத்துக்குள் நுழையக்கூடாது, கோல் போடும் உரிமை கிடையாது. ஷூட்டரை அங்கே நிறுத்தினேன். வலது கையால் எறிந்தால் அடுத்த நிமிடமே வெளியே அழைத்துவிடுவேன், ஆறு பேரோடு ஆடித் தோற்றாலும் பரவாயில்லை என்று கண்டிப்பாகச் சொன்னேன். தலையாட்டினாள். கட்டை மறைக்க, கோல் போடும் உரிமையுள்ள இன்னொருத்தி, கோல் அட்டாக் ஆடுகிற மலாய்ப் பெண், தன்னுடைய நீளக் கை உள்சட்டை ஒன்றைக் கொடுத்தாள். மலாய்ப் பெண்கள் எப்போதும் அதைப் போட்டுத்தான் ஆடுவார்கள், ஆகவே யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது. ஷூட்டர் இடத்துக்கு மாற்றுப் பெண் போனாள். இசை படிப்பவள், வயலின் வாசிப்பவள். விரலில் அடிபட்டுவிடும் என்று பந்தை நெருப்பைத் தொடுவதுபோல் தொடுவாள்.

ஆட்டத்தன்று அம்மா எல்லோருக்கும் முன்பே வந்து மண்டபத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். புதுச் சேலை, தலையில் பூ, மடியில் பெரிய பலகாரப் பாத்திரம். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், ஃபேக்டரில என் லைன்ல வேல செய்றவங்க எல்லாருக்கும் சொல்லிட்டு வந்திருக்கேன். எம்பொண்ணு இன்னைக்கு கோல் போடப்போறான்னு."

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். சிரிப்பு சரியாக வரவில்லை. அக்கா, உட்காருங்க அக்கா என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கமே போகாமல் நடந்தேன்.

பிள்ளைகள் களத்தில் இறங்கினார்கள். அம்மாவின் கண் நேராக மகளின் மார்பில் இருந்த எழுத்துக்குப் போனது. அவர் துவைத்து இஸ்திரி போட்ட இரண்டு எழுத்து வயலின்காரி மேல் இருந்தது. மகள் மேல் வேறு ஏதோ எழுத்து. எழுந்து நின்று என்னைத் தேடினார். நான் அவர் கண்ணில் படாமல் மாற்று ஆட்டக்காரர் பெஞ்சுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அங்கே உட்காரவேண்டிய மாற்று ஆட்டக்காரர் யாருமே இல்லை.

ஆட்டத்தைச் சொல்லவேண்டுமானால், பாம்பின் கால் பாம்பறியும். கோல் போட்டுப் பழகியவளுக்கு, எதிரணி ஷூட்டர் எந்த நொடியில் எந்தப் பக்கம் பந்துக்குக் கை நீட்டுவாள் என்று தெரிந்திருந்தது. அங்கே முன்கூட்டியே போய் நின்றாள். வருகிற பந்தை இடது கையால் தட்டிவிட்டாள், நெஞ்சோடு அணைத்துப் பிடித்தாள், இடது கையாலேயே உருட்டிவிடுவதுபோல் பக்கத்திலிருந்தவளுக்குக் கொடுத்தாள். எதிரணி ஒழுங்காக ஒரு பந்தைக்கூட வட்டத்துக்குள் அனுப்ப முடியாமல் திணறியது. அவ்வளவு நல்ல ஆட்டத்தை எங்கள் கார் நிறுத்துமிடத்தில் நான் பார்த்ததே இல்லை. பார்க்கவேண்டியவருக்கு அது புரியவில்லை. அவள் கைக்குப் பந்து வரும்போதெல்லாம் முதல் வரிசையிலிருந்து, "போடு பாப்பா! போடு!" என்று அந்த அம்மா கத்தினார். அவள் போடாமல் கொடுத்துவிடுவாள். அம்மாவின் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பிறகு நின்றே போனது.

கடைசி நிமிடம் வரை சமநிலை. கை வீங்கியவள் ஒரு பந்தைப் பறித்தாள், அது கை மாறிக் கை மாறி வயலின்காரியிடம் போனது. அவள் கண்ணை மூடிக்கொண்டு எறிந்தாள். பந்து வளையத்தின் விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றி, யோசித்து, உள்ளே விழுந்தது. விசில் ஊதினார்கள். பிள்ளைகள் ஒருத்திமேல் ஒருத்தி விழுந்து அலறினார்கள். எங்கள் முதல்வர் எழுந்து நின்று யாரிடமோ, "நாமளா? நாமளா ஜெயிச்சோம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. இத்தனை வருடம் எனக்குத் தோற்கப் பிடிக்காது என்று சொல்லிக்கொண்டிருந்தேன், ஜெயிப்பது எவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்தச் சந்தோஷம் மண்டபத்தின் ஓரத்தை அடையும்வரைகூட நீடிக்கவில்லை. அம்மா வந்து வழி மறித்தார்.

"என்ன டீச்சர் பண்ணிட்டீங்க?"

"ஜெயிச்சிட்டோம் அக்கா..."

"யாரு ஜெயிச்சா? நான் சாமிகிட்ட கேட்டது எம்பொண்ணு ஜெயிக்கணும்னு. காலேஜ் ஜெயிக்கணும்னா கேட்டேன்? காய் ஒடைச்சது நாங்க, கோல் போட்டது யாரோ!" அவருக்கு மூச்சு வாங்கியது. "இத்தன நாளா இவ போட்ட கோல்லதானே ஃபைனலுக்கு வந்தீங்க? நான் பாக்க வந்த அன்னைக்குன்னு பாத்து ஓரத்துல நிக்க வச்சிட்டீங்க. அப்பா இல்லாத பிள்ள, கேக்க ஆளில்லன்னா?"

மற்ற கல்லூரிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சிவந்துவிட்டது. நான் சாதாரணமாக ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை திருப்பிக் கொடுக்கிறவள். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அந்த அம்மா வாயடைத்துப் போவார், நான் நல்லவளாகிவிடுவேன். அது நாக்கு நுனியில் நின்றது. அம்மாவின் தோளுக்குப் பின்னால் மகள் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று தலையைக்கூட அசைக்கவில்லை, கண்ணால் மட்டும் கெஞ்சினாள். "மன்னிச்சுக்குங்க அக்கா" என்றேன். நான் செய்யாத தவறுக்கு மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அதற்குள் பரிசு வாங்கக் கூப்பிட்டுவிட்டார்கள். மேடையில் பூவேலை செய்த பாத்திக் சட்டை போட்ட ஒரு மலாய்ப் பெரியவர், ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர், ஒவ்வொருத்திக்கும் கை குலுக்கிப் பதக்கத்தைச் சின்னப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார். படமெடுக்கப் பெற்றோரெல்லாம் மேடையருகில் கூடினார்கள். அம்மாவும் கோபத்தோடேயே போனை எடுத்துக்கொண்டு முன்னால் போய் நின்றார். கோபம் என்னோடுதானே, பதக்கத்தோடு இல்லையே. நான் அவருக்குப் பின்னால் நின்றேன். மகளின் முறை வந்தது. வலது கையைப் பின்னால் மடக்கி வைத்துக்கொண்டு இடது கையை நீட்டினாள்.

பெரியவர் ஒரு கணம் தயங்கினார். கீழேயிருந்து அம்மாவின் குரல் சுள்ளென்று வந்தது.

"பாப்பா! பெரியவங்ககிட்ட எடது கையாலயா வாங்குவ? சோத்துக் கைய நீட்டு!"

மண்டபமே கேட்டது. அவள் நின்றாள். ஆட்டம் முழுக்க எல்லோருக்கும் முந்தி ஓடியவளுக்கு, அம்மா சொல்லுக்கு மேலே ஓடத் தெரியவில்லை. வலது கையை மெதுவாக முன்னால் கொண்டுவந்தாள். ஆடிய ஆட்டத்தில் சட்டைக் கை மேலேறி, கட்டு அவிழ்ந்து தொங்கியது. விரல்கள்கூட வீங்கியிருந்தன.

அம்மா போனைத் தாழ்த்தினார். யாரையும் கேட்காமல் மேடைமேல் ஏறினார். அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் உள்ளங்கையை அதற்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, பெரியவரைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் பெட்டியை அந்த இரண்டு கைகளின் மேல் மெல்ல வைத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். எதற்கென்று அவர்களுக்குத் தெரியாது.

மேடையிலிருந்து இறங்கும் படிக்கட்டுக்கு நான் ஓடினேன். அம்மா கையை விடவில்லை.

"தேங்காயா?" என்றார்.

"இல்லம்மா, இப்ப பந்து பட்டுச்சு. வலியெல்லாம் இல்ல."

"கட்டு இப்பவா போட்டாங்க?" என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஒங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"

"தெரியும்."

"அந்தப் பிள்ளைங்களுக்கு?"

"தெரியும் அக்கா."

"எனக்கு மட்டுந்தான் தெரியாதா?"

இப்போது தலையில் அடித்துக்கொள்வார், சாமியைத் திட்டுவார், தன்னைத் திட்டிக்கொள்வார் என்று பயந்து நின்றேன். மகளும் அதற்குத்தான் காத்திருந்தாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. அவர் அழவில்லை. கோபத்தோடு மகளைப் பார்த்தார்.

"ஒங்கப்பா போனப்ப நான் யாருகிட்ட அழுதேன்? இத்துனூண்டு பிள்ளன்னுகூடப் பாக்காம ஒங்கிட்டதானே அழுதேன்? நான் எதையாச்சும் மறைச்சேனா? நீ எப்படி மறைப்ப?"

"இல்லம்மா... வேண்டுதலாலதான்னு நெனச்சி நீ..."

"சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். நீ எங்கிட்ட பேசு."

அதுவரை வலியே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவள், அந்தப் படிக்கட்டிலேயே அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, "வலிக்குதும்மா" என்றாள்.